ஜூஜூவாடியைத் தாண்டினால்

ஓசூரில் குடியிருந்துகொண்டு எலெக்ட்ரானிக் சிட்டியில் கோட் எழுதுகிறவர்களில் நானும் ஒருவன். ஜூஜூவாடி வரைக்கும் நான் பெரும்பான்மை. அத்திப்பள்ளி டோலைத் தாண்டினால் சிறுபான்மை. நடுவில் நான் எதுவுமே செய்யவில்லை, பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அப்படியென்றால் பெரும்பான்மை என்பது என்னுடைய குணமா, நான் நிற்கிற இடமா?

2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தந்தது. தனியார் நிறுவனங்களில் நிர்வாகப் பணிகளில் 50 சதவீதம், மற்றவற்றில் 70 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு. கன்னடம் தெரிந்திருக்க வேண்டும். சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்தார்கள். நம் ஆட்கள் அப்போது கேட்ட கேள்வி நியாயமானது: ஓட்டு அதிகம் என்பதற்காக எதை வேண்டுமானாலும் சட்டமாக்கிவிடலாமா?

அதே கேள்வியை ஓசூருக்குள் கேட்டுப் பார்ப்போம். 1956-இல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது கோடு ஓரிடத்தில் விழுந்தாக வேண்டியிருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளும் கன்னடம் பேசும் வீடுகளும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. கிருஷ்ணகிரி எம்.பி. கோபிநாத் 2024-இல் மக்களவையில் தெலுங்கில்தான் பதவியேற்றார். முடிக்கும்போது தமிழில் நன்றி சொன்னார். அதைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் உண்டு.

அமெரிக்காவில் ஒரு வழக்கு. முதல் உலகப்போர் முடிந்த கையோடு, 1919-இல், நெப்ராஸ்கா மாநிலம் எட்டாம் வகுப்பு தேறாத பிள்ளைகளுக்கு அந்நிய மொழி கற்பிக்கத் தடை போட்டது. பத்து வயதுப் பையனுக்கு ஜெர்மன் வாசிக்கச் சொல்லிக்கொடுத்த ராபர்ட் மேயர் என்ற ஆசிரியருக்கு 25 டாலர் அபராதம். 1923-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. இதில் கவனிக்க வேண்டியது, எல்லோருக்கும் ஆங்கிலம் கற்பிக்க அரசுக்கு உள்ள அதிகாரத்தை நீதிமன்றம் மறுக்கவில்லை. இன்னொரு மொழியைப் பிடுங்குகிற அதிகாரத்தைத்தான் மறுத்தது.

நமக்கும் இந்த வித்தியாசம் வேண்டும். 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. இங்கே வாழப்போகிற பிள்ளைக்குத் தமிழ் தெரியாவிட்டால் நஷ்டம் அந்தப் பிள்ளைக்குத்தான் என்பதால் அந்தச் சட்டத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் தமிழைச் சேர்ப்பது வேறு, தெலுங்கையோ கன்னடத்தையோ மெல்லக் காலிசெய்வது வேறு. பத்தாம் வகுப்புத் தமிழ்த்தாளில் விலக்கு கேட்டு மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் கோர்ட் படி ஏறியபோது, அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதுதான் சிக்கல்.

"இந்திக்கு முன்னால் தமிழே சிறுபான்மைதானே, நாம் எப்படி விட்டுக்கொடுக்க முடியும்?" என்று கேட்கலாம். பயம் உண்மையானது. ஆனால் 1938-லும் 1965-லும் நாம் கேட்டது என்ன? எண்ணிக்கையைக் காட்டி என் நாக்கில் கைவைக்காதே என்றுதானே. அந்த வாதம் டெல்லிக்கு மட்டும் பொருந்தும், தேன்கனிக்கோட்டைக்குப் பொருந்தாது என்றால், நாம் வைத்தது கொள்கையே இல்லை, வெறும் பேரம்.

மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது 350அ பிரிவு. அந்த 'முயல வேண்டும்' என்பதற்கு எவ்வளவு பலம்? சட்டத்தைவிட, ஓட்டு அதிகம் வைத்திருக்கிறவர்களின் மனசைப் பொறுத்தது அது. ஓசூரில் அந்த ஓட்டு நம்மிடம் இருக்கிறது.