ஏடு எழுதியவரும் டவுன்லோட் செய்பவரும்

என் போனில் 500க்கும் மேல் தமிழ் மின்னூல்கள் இருக்கின்றன. மாதம் இரண்டு படித்தாலும் எல்லாவற்றையும் முடிக்க 20 வருஷத்துக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கு தெரிந்தும் போன வாரம் இன்னும் மூன்று இறக்கினேன். இதைப் பேராசை என்று சொல்லிவிடலாமா?

அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. சுங்கை பாக்காப்பில் இருப்பவனுக்கு ஒரு தமிழ் நாவல் வேண்டுமென்றால் கடல் தாண்டிப் பினாங்குத் தீவுக்குப் போகணும், இல்லை தமிழ்நாட்டுக்குப் போய்வரும் யாரிடமாவது சொல்லிவிடணும். விலையை ரிங்கிட்டில் பார்த்தால் கை பின்வாங்கும். கிடைக்காது என்றே பழகியவனுக்குக் கிடைக்கும்போது நிறுத்தத் தெரியாது. பஞ்சம் பார்த்தவர் வீட்டில் அரிசி மூட்டை எப்போதும் ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும்.

இன்னொரு நியாயமும் சொல்லலாம்: சேர்த்து வைத்ததால்தானே தமிழ் பிழைத்தது? உ.வே.சா. ஊர் ஊராகத் தேடிப்போன சுவடிகளில் பல, வைத்திருந்தவர்களே வாசிக்காமல் கிடந்தவை. அப்படித் தேடியதால்தான் 1887இல் சீவக சிந்தாமணியும் 1894இல் புறநானூறும் அச்சேறின. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை அறிந்த யாருக்கும், இன்னொரு பிரதி எங்காவது இருக்கட்டும் என்றுதான் தோன்றும்.

ஆனால் இந்த நியாயத்தில் ஒன்று விடுபடுகிறது. ஓலை நிரந்தரமல்ல, செல்லரித்துப் போகும். பரணில் போட்டு வைத்ததால் மட்டும் எந்த நூலும் நம்மிடம் வந்து சேரவில்லை. தலைமுறைக்குத் தலைமுறை யாரோ உட்கார்ந்து பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டில் எழுதினார்கள். பொருள் புரிந்ததோ இல்லையோ, ஒவ்வோர் எழுத்தும் அவர்கள் கண் வழியாகவும் கை வழியாகவும் போனது. பிரதி எடுப்பதே ஒரு வாசிப்பாக இருந்தது.

கணினிக் காலத்திலும் அந்த வேலை தொடர்ந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து பிழை பார்த்தார்கள். 2005இல் தொடங்கிய ஈழத்து நூலகம் திட்டத்தில், ஸ்கேன் செய்ய ஒவ்வொரு பக்கத்தையும் ஒருவர் புரட்ட வேண்டியிருந்தது. என் போனில் ஒரு நொடியில் வந்து விழும் கோப்புக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய இரவுகள் இருக்கின்றன.

என்னுடைய பிரதிக்குத்தான் எந்த உழைப்பும் இல்லை. அது கடைசிப் பிரதியும் இல்லை. நான் அழித்தால் தமிழுக்கு ஒரு நஷ்டமும் வராது. அதனால் 'நான் பாதுகாக்கிறேன்' என்ற பேச்சு எனக்குப் பொருந்தாது. என்னிடம் இருப்பது, ஒருநாள் இதையெல்லாம் படிக்கப்போகிறேன் என்கிற ஆசை மட்டும்தான்.

ஆசையில் தப்பில்லை. அது வாசிப்பின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வதுதான் சிக்கல். நம் கூட்டங்களில் கவனித்துப் பாருங்கள். "அந்த நாவலைப் படிச்சிட்டீங்களா?" என்று கேட்டால், "என்கிட்ட இருக்கு" என்று பதில் வரும். கேட்டது ஒன்று, சொன்னது வேறு. இரண்டு பேருமே அதைக் கவனிப்பதில்லை.

ஏடு எழுதியவர் ஒரு நூலுக்குத் தன் நாட்களைக் கொடுத்தார். நமக்கு நூல் இலவசமாக வருகிறது; அந்த நாட்கள் இன்னும் கொடுக்கப்படாமல் பாக்கி நிற்கின்றன. ஒரு நூலையாவது கடைசிப் பக்கம் வரை படிப்பதும், கண்ணில் பட்ட பிழையைத் திருத்தி அனுப்புவதும், அதைப் பற்றி இன்னொருவரிடம் பேசுவதும்தான் அந்தப் பாக்கியைத் தீர்க்கும் வழி. 501ஆவது நூலை இறக்குவதால் அது தீராது.