சாரல் காசும் ஈசன் பாரமும்

தென்மேற்குப் பருவக்காற்று மலை தாண்டிச் சாரலாய் இறங்கும் ஆனி, ஆடி மாதங்களின் வரும்படியைக் கொண்டே, குற்றாலத்து அருவிக்கரையில் எண்ணெயும் பழமும் விற்போர் பங்குனி வெயிலையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவையும் கடக்க வேண்டியிருப்பதால், நாளைக்கென்று பணம் எடுத்துவைப்பது ஈசனிடத்தில் நம்பிக்கைக் குறைவாகுமோ என்ற விசாரம் அங்கே வெறும் திண்ணை வேதாந்தமாய் நின்றுவிடுவதில்லை.

மறுவேளைச் சோற்றை நினையாதிருப்பது சந்நியாசிக்குத் தர்மம். அதைக் கிருஹஸ்தன் மேற்கொண்டால் பட்டினி கிடப்பவர்கள் அவன் மக்களே. (துறவைப் புகழும் பிரசங்கிகள், துறவிக்குப் பிக்ஷையிடும் வீட்டின் அரிசிப்பானையைப் பற்றி ஏனோ வாய் திறப்பதில்லை.) வள்ளுவரோ, வரவு சிறிதாயினும் செலவு விரியாவிடில் கேடில்லை என்ற கருத்தை, அரசனுக்குரிய வலியறிதல் அதிகாரத்தில் வைத்து, கொடையையும் அங்கேயே அளவறிந்து செய்யச் சொன்னார். ஆயினும், சாரல் பொய்த்த வருஷத்தில் அண்டை வீட்டாருக்குக் கைமாற்றுத் தர மறுக்கும் சேமிப்பை லோபம் என்றே நான் சொல்வேன்.

15ஆம் நூற்றாண்டில் தென்காசியில் விசுவநாதருக்கு ஆலயம் எடுத்த பராக்கிரம பாண்டியனின் பக்தியை ஐயுறுவார் எவருமிலர். அவனே, பிற்காலத்தில் கோயிலுக்குக் குறை நேர்ந்தால் அதைச் செப்பனிட்டுக் காப்போரைத் தான் பணிவதாகக் கல்வெட்டில் பாடிவைத்தான்.