முதல் ஆசி பெற்றவை



"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று சொல்லாத பாட்டி துறையூர்ப் பக்கத்தில் உண்டா? அமீனா கோர்ட்டு உத்தரவோடு ஜப்தி செய்ய வருகிறவர். அவரைக் கண்டு பயப்படக் காரணம் இருக்கிறது. ஆமை என்ன செய்தது? ஐப்பசி மழையில் ஏரி நிரம்பினால் வயலும் வாய்க்காலுமாக ஊர்ந்து வந்து, ஏதோ ஒரு வாசற்படி ஏறுகிறது. அவ்வளவுதான். அதற்குள் வீட்டுச் சண்டை, கடன், பெண்ணுக்கு வரன் தள்ளிப்போவது என்று எல்லாப் பழியும் அதன் தலையில் விழுகிறது. கல்லால் அடித்தே போட்டுவிடுகிறவர்களும் உண்டு. ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிற வீடுகளிலும் இந்தப் பயம் இருப்பதால்தான் இதைப் பீடத்தில் நின்று சொல்கிறேன்.

தொடக்க நூலின் முதல் அதிகாரத்தை வீட்டில் எடுத்து நிதானமாக வாசியுங்கள். கடவுள் முதன்முதலாக ஆசி வழங்கியது மனிதனுக்கு அல்ல. ஐந்தாம் நாளில், நீர்வாழ் உயிர்களுக்கும் பறவைகளுக்கும். நம் முறை மறுநாள்தான் வருகிறது. கடவுளே வாய் திறந்து ஆசீர்வதித்த உயிர் படியேறினால் வீட்டுக்குச் சாபம் வரும் என்றால், நாம் யாரை நம்புகிறோம்?

நம் பக்கத்து ஏரி குளங்களில் இருப்பவை பாலாமையும் காராமையும். பாலாமையைத் திருப்பிப் பார்த்தால் வயிற்றுப் பக்கத்தில் பின்கால்களுக்கு அருகே இரண்டு தோல் மடிப்புகள் தெரியும். ஆபத்து என்றால் காலை உள்ளே இழுத்து, அவற்றைக் கதவுபோல் சாத்திக்கொள்ளும். நத்தை, தவளை, நீர்ப்பூண்டு எல்லாம் தின்னும். செத்து மிதக்கிற மீனையும் விடாது. நம் பெரியவர்கள் தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும் என்று கிணற்றில் ஆமை விட்டது சும்மா இல்லை. (வீட்டுக்குள் வந்தால் தரித்திரம், கிணற்றில் கிடந்தால் நன்மை. நம் கணக்கே தனி!)

கோடையில் ஏரி வற்றும்போது பாலாமை சேற்றுக்குள் புதைந்து, மழை வரும்வரை அப்படியே கிடக்கும். அந்தச் சமயத்தில்தான் நாம் வண்டல் அள்ள பொக்லைன் இறக்குகிறோம். தூர்வாருவது நல்ல காரியம், வேண்டாம் என்று சொல்லவில்லை. மண்ணில் ஆமை தென்பட்டால் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்தி எடுத்து விடுங்கள் என்றுதான் கேட்கிறேன். குஞ்சோடு இருக்கும் தாய்ப்பறவையை விட்டுவிடச் சொல்கிற இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரம் உழவர்களுக்கும் சொன்னதுதான்.

மூலத்துக்கு நல்லது என்று ஆமைக்கறி தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூலத்துக்கு அரசு மருத்துவமனையில் வைத்தியம் உண்டு. பாலாமை 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை.

இன்னொரு பாவம் இரக்கத்தின் பெயரால் நடக்கிறது. மலேசியாவிலிருந்து பெட்டிகளில் அடைத்துக் கடத்தி வரப்பட்ட சிவப்புக்காது ஆமைக்குஞ்சுகளைத் திருச்சி விமான நிலையத்தில் சுங்கத்துறையினர் ஆயிரக்கணக்கில் பிடித்திருக்கிறார்கள். சோழிபோல் சின்னதாக இருக்கும்போது அழகு என்று வாங்குகிறோம். தட்டு அளவு வளர்ந்ததும் புண்ணியம் என்று குளத்தில் விடுகிறோம். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து இனம் அது. இங்கே வந்து நம் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' மடலில், நம்மால் அழிகிற ஒவ்வோர் இனமும் கடவுளுக்குச் செலுத்தி வந்த மகிமை அத்தோடு நின்றுபோகிறது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். குளத்தில் நாம் விடுகிற அந்த ஓர் ஆமையால் இடம் இழக்கிற நம் ஆமைகளுக்கும் இது பொருந்தும்.

மழைக்காலம் நெருங்குகிறது. ஆமை வீட்டுக்கு வந்தால் தண்ணீர் தெளித்துத் தோஷம் கழிக்க ஆள் தேடாதீர்கள். இரண்டு கையாலும் ஓட்டின் பக்கவாட்டைப் பிடித்துத் தூக்கி, அருகில் இருக்கிற ஏரியில் விடுங்கள். காயம் பட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கண்ணாடித் தொட்டியில் சிவப்புக்காது ஆமை வளர்ப்பவர்கள் அதைப் பெரிய ஏரிக்குக் கொண்டுபோகாமல் வனத்துறையிடமே ஒப்படையுங்கள். மறைக்கல்வி ஆசிரியர்கள் அடுத்த ஞாயிறு பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். பாட்டிகளுக்கு அவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.