சிறிய படகா, பெரிய படகா?

வேண்டுவது எது, விரும்புவது எது எனப் பிரித்தறிதல் எளிதன்று. சிறு பொருள் வாங்குங்கால் நேரும் பிழை சில காசுகளோடு தீரும். நெடுங்கடல் செல்லும் பாய்மரப் படகை வாங்குவதில் நேரும் பிழையோ பல ஆண்டுகளைக் கொள்ளும். சில வேளைகளில் உயிரையும் கொள்ளும். ஆதலின் அதனையே எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

இங்கிலாந்தின் தென்கரைத் துறைமுகங்களில், பிறர் ஓட்டிப் பழகிய பாய்மரப் படகுகள் விற்பனைக்கு நிற்பதுண்டு. ஒரு கணவனும் மனைவியும் தம் சேமிப்பைக் கொண்டு அவற்றுள் ஒன்றை வாங்கி, நெடும்பயணம் போக எண்ணுகின்றனர் என்று கொள்வோம். ஒன்று நீர்மட்டத்தில் 25 அடி நீளமுடையது. மற்றொன்று 36 அடி. பழையதாகையால் பெரியதன் விலையும் அவர்கள் கைக்கு எட்டுகிறது. எதனைக் கொள்வது?

பெரியதன் சார்பில் சொல்லத்தக்கவை உண்மையாகவே உள்ளன. குடிநீரும் உணவும் மிகுதியாக ஏற்றலாம். அலைமீது அதன் அசைவு மெதுவானது. காவல் முடித்துக் களைத்தவர் உறங்க இயலும். வேகமும் மிகுதியே; ஆனால் எவ்வளவு மிகுதி? இத்தகைய படகின் வேகம் நீர்மட்ட நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. சிறியது மணிக்கு ஏறக்குறைய 6.7 கடல்மைல் செல்லுமாயின், பெரியது 8 கடல்மைல் செல்லும். ஐந்தில் ஒரு பங்கே கூடுதல். எடையோ, இரண்டும் ஒரே வடிவினவாயின், ஏறத்தாழ மும்மடங்காகும். பாய், கயிறு, நங்கூரம், இயந்திரம் ஆகிய அனைத்தும் அந்த எடைக்கேற்பப் பெருக்கின்றன. துறையில் கட்டிவைக்கும் கட்டணம் நீளத்தோடு ஏறுகிறது. வாங்கும் விலை ஒருமுறை கொடுப்பது. வைத்திருக்கும் விலை ஆண்டுதோறும் கொடுப்பது. முன்னவர் செய்யாது விட்ட பழுதுகளும் படகோடு கைமாறுகின்றன. பெரிய பழம்படகு மலிவாக நிற்பதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

1968 ஆம் ஆண்டு இங்கிலாந்தில், தனியே உலகைச் சுற்றும் கடற்போட்டி ஒன்று நிகழ்ந்தது. புறப்பட்டவர் ஒன்பதின்மர், முடித்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவரே. அவர் பெரிய புதுப்படகு ஒன்றைக் கட்டுவிக்கவே முதலில் விரும்பினார், பொருள் கிட்டவில்லை. முன்பே தம்மிடமிருந்த, நம் பம்பாயில் தேக்குமரத்தால் கட்டப்பட்ட, 32 அடி நீளமுள்ள ‘சுஹைலி’யில் சென்று, 1969 ஏப்ரல் 22 அன்று கரை சேர்ந்தார். அதே போட்டியில் டொனால்ட் க்ரோஹர்ஸ்ட் என்பார், வீட்டையும் தொழிலையும் ஈடாக வைத்து, ஏறத்தாழ 40 அடி நீளமுள்ள விரைவான புதுப்படகில் புறப்பட்டார். படகு தென்கடலுக்குத் தகுதியற்றது என்று வழியில் கண்டார். திரும்பினால் கடன் அழிக்கும். முன் சென்றால் கடல் அழிக்கும். பொய்யான இருப்பிடங்களை அறிவித்துக்கொண்டே திரிந்தார். 1969 ஜூலையில் ஆளற்ற படகு மட்டுமே கிடைத்தது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தமக்குக் கிடைத்த 5,000 பவுன் பரிசை அவர் குடும்பத்திற்கே அளித்தார்.

இதனால் சிறியது நன்று, பெரியது தீது என்று முடிவு கட்டுதல் பிழையாகும். அதே போட்டியில் 30 அடிப் படகுகளில் சென்றோரும் இடையிலேயே விலக நேர்ந்தது. க்ரோஹர்ஸ்டைக் கட்டியது படகின் நீளமன்று. திரும்பிவர இடம் வையாத ஒப்பந்தமே. மேலும், எளிமையைக் காட்டிப் பெருமை கொள்வாரும் உளர். வசதியற்ற சிறுபடகில் மனைவியை வாட்டி, ‘நாம் எளியோர்’ என்று கணவன் மகிழ்வானாயின், அதுவும் ஆசையின் மற்றொரு வேடமே.

அங்ஙனமாயின் அளவுகோல் யாது? இருவரில் வலிமை குறைந்தவரின் கையே என்போம். நள்ளிரவில் காற்று மிகும். மற்றவர் நோயுற்றுக் கிடப்பார். அப்போது இவர் ஒருவரே பாயைச் சுருக்க இயலுமா? நங்கூரம் தூக்கும் பொறி கெட்டால், அதனைக் கையால் இழுக்க இயலுமா? வாங்கிய பின்னும் ஓராண்டுச் செலவுக்கும், வேண்டாமெனத் திரும்பி வருவதற்கும் பொருள் எஞ்சுமா? இவற்றிற்கு ‘ஆம்’ என்னும் விடை எந்த நீளம்வரை கிடைக்கிறதோ, அந்த நீளமே போதுமான நீளம். அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் அடியும், துறையில் நின்று பார்ப்போரின் கண்ணுக்காக வாங்குவதாகும்.

வலியவன் தன் ஆற்றலால் அளந்து எடுத்த முடிவின் சுமையை, இடர் வரும்போது மெலியவரே தாங்க நேர்கிறது. படகில் மட்டுமன்று; வீடு கட்டுவதிலும், கடன் வாங்குவதிலும், திருமணம் நடத்துவதிலும் இதனையே காண்கிறோம். ஆதலின், எதனையும் கொள்ளுமுன், நம்மோடு பயணம் வருபவரின் கையை முதலில் நோக்குவோமாக.