வாசலோடு நின்ற சட்டம்

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணியில் பட்டுத்தறி பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருப்பதால், பெற்றவரும் தொழில் பழக்குபவரும் வேலை வாங்குபவரும் பல குடும்பங்களில் ஒருவராகவே இருக்கிறார். ஊடைநூலைச் சிறு குழலில் ஏற்றும் தார் சுற்றுதலும், உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலைக்காக நெசவாளரின் பக்கத்தில் அமர்ந்து கூடுதல் நாடாவைத் தள்ளிக் கொடுப்பதும், பட்டு நெசவு ஊர்களில் நெடுங்காலம் சிறுவர் கைக்கே விடப்பட்டிருந்த வேலைகள்.

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் துணி நெய்தலையும் சாயமிடுதலையும் குழந்தைகளுக்குத் தடைசெய்த பணிகளுள் சேர்த்தது. ஆயினும் குடும்பத்தினர் துணையோடு நடக்கும் பட்டறைக்கு அத்தடை பொருந்தாது என்ற விலக்கும் அதிலேயே இருந்தமையால், சட்டம் நெசவாளர் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த விலக்கைச் சுருக்கி, 14 வயதுக்குட்பட்டோர் குடும்பத் தொழிலில், அதுவும் ஆபத்தில்லாத தொழிலில், பள்ளி நேரத்திற்குப் பிறகும் விடுமுறையிலும் உதவலாம் என்ற அளவில் நிறுத்தியது. உதவி எந்த இடத்தில் வேலையாக மாறுகிறது என்பதை ஆய்வாளர் எவரும் அடுக்களை வரை வந்து அளக்க முடியாதாகையால், அது பெரியவரின் நேர்மையையே சார்ந்திருக்கிறது.

அந்த நேர்மை மிகுதியும் சறுக்குமிடம் முன்பணம், அதாவது சேலை வணிகரிடம் வாங்கிப் பின்னர் கூலியில் கழிக்கப்படும் கடன். கடனை மறைத்து, தொழில் பழகு என்று மட்டும் சொல்லித் தறியருகே அமர்த்தப்படும் பிள்ளைக்கு உண்மை எப்படியும் தெரிந்துவிடுகிறது (சிறிய வீட்டில் இரவுப் பேச்சு எவர் காதிலிருந்து தப்பும்?), அதன்பின் பெரியவர் கூறும் மற்றவற்றையும் அப்பிள்ளை ஐயத்தோடுதான் கேட்கும். கடன் இருக்கிறது, அதை அடைப்பது பெரியவர் பொறுப்பு என இரண்டையும் சேர்த்து, வயதுக்கேற்ற சொற்களில் கூறுவது மறைப்பதைவிடக் கடினமே. முதல் பாதியை மட்டும் கூறிவிட்டு நிறுத்துவது மறைப்பதினும் கொடிது.

ஐக்கிய நாடுகள் அவை 1989இல் ஏற்றதும் இந்தியா 1992இல் இணைந்ததுமான குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் செய்திகளில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டென்றும், அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்தை மதிக்க வேண்டுமென்றும் கூறுகிறது. பிள்ளை கேட்டதையெல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. ஆரணித் தெருவொன்றில் இதன் பொருள், நாளைக்குத் தேர்வு இருப்பதால் இன்று தார் சுற்ற இயலாது என்று ஒரு சிறுமி அச்சமின்றிச் சொல்வதும், ஊடையில்லாமல் தறி ஒரு வேளை நிற்பதைத் தந்தை முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொள்வதுமாகும். சேலைக் கணக்கில் கூலி பெறும் குடும்பத்திற்கு அந்த ஒரு வேளை சிறிய செலவன்று.