நின்ற குதிரை

குதிரைகள் தடை தாண்டும் ஷோ ஜம்பிங் போட்டியின் விதிகளில் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. குதிரையின் கால் பட்டுக் கட்டை விழுந்தால் 4 தண்டப்புள்ளி. தடைவரை ஓடி வந்து, மாட்டேன் என்று நின்றுவிட்டாலும் 4. ஆனால் எல்லாத் தடைகளிலும் கட்டையைத் தள்ளிய குதிரைகூடச் சுற்றை முடிக்கலாம். சர்வதேசப் போட்டிகளில் இரண்டாம் முறை நின்றால் அத்தோடு வெளியே போக வேண்டியதுதான். தோற்பதற்கு இருக்கும் இடம் மறுப்பதற்கு இல்லை.

கருமத்தம்பட்டியில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவனுக்குக் குதிரை என்றால் ஆடி மாதத்து அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைதான். அங்கே சுழி பார்ப்பார்கள், பல்லைப் பிடித்து வயசு பார்ப்பார்கள். தாண்டுமா என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. தங்கை மகள் குதிரையேற்றம் பழகப் போனபிறகே இந்த உலகம் எனக்குத் தெரிய வந்தது.

எடுத்தவுடன் தடை வைப்பதில்லை. தரையில் கட்டைகளைச் சுமார் 1.3 மீட்டர் இடைவெளியில் போட்டு, டிராட் நடையில் கடக்க விடுகிறார்கள். அப்புறம் இரண்டு கட்டைகளைக் குறுக்காகச் சாய்த்த தாழ்வான தடை. இந்தப் பாடத்தில் பாதிக்கு மேல் ஏறியிருப்பவருக்குத்தான். தாண்டும்போது குதிரை கழுத்தை நீட்டும். பயந்தவர் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கினால் வாயில் இரும்பு இழுக்கும். குதிரை அதை மறக்காது. அடுத்த தடவை நிற்கும். தாண்டும்போது பின்னால் சாய்வதே ஒரு காலத்தில் முறையாக இருந்தது. 1907-இல் மறைந்த இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடரிகோ காப்ரில்லிதான் முன்னால் சாய்ந்து, கையை விட்டுக்கொடுத்து, குதிரையை அதன் போக்கில் போக விடுங்கள் என்றார்.

இன்னொன்றும் உண்டு. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால், எழும்பும் கணத்தில் கட்டை குதிரையின் பார்வையிலேயே இருக்காது. சற்று முன் பார்த்ததை நம்பித்தான் தாவுகிறது. அப்படிப்பட்ட பிராணி நின்றால் அதை வீம்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒருநாள் தங்கை மகளுடைய குதிரை நின்றது. ரேக்ளா பார்த்தே வளர்ந்த அவள் அப்பிச்சி, அதாவது என் அப்பா, பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "ஏந் தம்பி, சாட்டையில ரெண்டு போட்டாத் தாண்டாதுங்களா?"

"தாண்டுமுங்கய்யா. நாளைக்குக் கட்டையக் கண்டாலே நின்னுக்குமுங்க" என்ற பயிற்சியாளர், சேணம் அழுத்துகிறதா, காலில் நோவா, பிள்ளையின் கை இறுகியதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

நம் வீடுகளில் அரியர் வைத்த பையனுக்கு எத்தனை தடவை பரீட்சைப் பணம் கட்டினாலும் சலிப்பதில்லை. இன்ஜினியரிங்கே வேண்டாம் என்பவனிடம்தான் பேச்சு நின்றுபோகிறது. சேணம் எங்கே அழுத்துகிறது என்று பார்க்க ஆளில்லை.

அமெரிக்காவில் ஹாரி டி லேயர் என்ற குதிரையேற்றப் பயிற்சியாளர் 1956-இல் இறைச்சிக்குப் போகவிருந்த உழவுக் குதிரையை 80 டாலருக்கு வாங்கி, பிறகு விற்றுவிட்டார். ஸ்னோமேன் என்ற அந்தக் குதிரை புது இடத்தில் இருக்க மாட்டேன் என்று வேலி தாண்டித் திரும்பி வந்தது. அது தாண்டும் என்பதே அப்போதுதான் தெரிந்தது. 1958-இல் தேசிய ஷோ ஜம்பிங் பட்டம் அதற்குத்தான்.

அதற்காக மறுப்பதெல்லாம் ஞானம் என்று சொல்லமாட்டேன். நின்றே தப்பிக்கப் பழகிய குதிரைகளும் உண்டு. ஆகவே நல்ல பயிற்சியாளர் கட்டையைத் தாழ்த்துவார். தடையை எடுத்துவிட மாட்டார். எவ்வளவு தாழ்த்துவது என்பதில்தான் சங்கடமெல்லாம்.

அன்றைக்கும் கட்டையை நன்றாகவே இறக்கினார்கள். குதிரை தாண்டியது. அப்பாவுக்குத் திருப்தியில்லை. "இத நானே தாண்டீருவனே" என்றார்.