கழித்தல் இரண்டு

"எனக்குத் தெரியும். இவனுக்குத் தெரியாது."

மேசைமேல் கிடந்த தாளைக் காட்டி அந்தப் பையன் சொன்னது இவ்வளவுதான். பெங்களூரில் அண்ணன் மகளின் வீட்டில், அவளும் நண்பர்களும் ஆளுக்கொரு பாத்திரமாக நடித்து ஆடும் 'டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடிக்கொண்டிருந்தார்கள். கதையில் ஒரு கல் கதவு. விடுகதையை அவிழ்த்தால் திறக்கும். மற்றவர்கள் திணறினார்கள். அவனுக்கு விடை பிடிபட்டுவிட்டது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. அவன் எடுத்திருந்த பாத்திரம் அரை ஓர்க் இனம். அவர்கள் ஆடியது 2000இல் வந்த 3ஆம் பதிப்பு. அதன்படி அந்த இனத்துக்கு உடல்வலுவில் இரண்டு கூடும். அறிவிலும் வசீகரத்திலும் இரண்டிரண்டு குறையும். பாத்திரத்தின் தாளில் அறிவுக் கட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் −2 என்று எழுதி வைத்திருந்தான்.

ஊர் திரும்பிய பிறகும் அந்த −2 என்னை விடவில்லை.

அது எவ்வளவு பெரிய குறை என்று அண்ணன் மகளிடம் ஃபோனில் கேட்டேன். சாதாரண மனிதனுக்கு அறிவு பத்து, பதினொன்று இருக்கும். அதில் இரண்டு போனால், இருபது முகப் பகடையை உருட்டும்போது கூட்டுத்தொகையில் ஒன்று குறையும். அவ்வளவே. விடை தெரிந்தாலும் வாயை மூடிக்கொள் என்று விதி சொல்லவில்லை. "அப்புறம் ஏன் மூடிக்கிட்டான்?" என்றேன். "அதுதான் சித்தப்பா நல்ல ஆட்டம்" என்றாள். குரலில் பெருமை.

இருக்கலாம். பகடையில் ஒரே ஒரு எண் குறைந்ததற்கு ஒரு முழு மௌனம். நடிகன் என்று பார்த்தால் பெரிய ஆள்தான்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருவன் இருந்தான். சந்தை நாளில் கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாயாலேயே கணக்குப் போட்டுச் சில்லறை எண்ணிக் கொடுப்பான். வகுப்பில் மட்டும் கை தூக்கவே மாட்டான். "உனக்கெல்லாம் கணக்கு வராதுடா" என்று வாத்தியார் எப்போதோ சொல்லியிருந்தார். அந்த 'உனக்கெல்லாம்' அவனை மட்டும் குறித்ததல்ல. எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று வகுப்புக்கே தெரியும். மத்தியானம் மரத்தடியில் ராஜா, ராணி, போலீஸ், திருடன் என்று சீட்டுக் குலுக்கிப் போடுவோம். அதில் அவனுக்கும் எல்லாரையும் போலவே ராஜா வரும். சீட்டுக்குத் தெரு தெரியாது.

சீட்டு என்றதும் பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் கடைசியில் வரும் கதை நினைவுக்கு வருகிறது. என்றோ படித்தது, பாதிதான் மிச்சம். இறந்தவர்களின் உயிர்கள் சீட்டு வரிசைப்படி வந்து அடுத்த பிறவியைத் தாங்களே தேர்ந்தெடுக்கின்றன. அஜாக்ஸ் மனிதர்களே வேண்டாம் என்று சிங்கமாகிறான். கடைசிச் சீட்டு ஒடிசியஸுக்கு. புகழ் போதும் என்றாகிவிட்ட அவன், யாரும் சீந்தாமல் மூலையில் கிடந்த ஒரு சாமானியனின் வாழ்க்கையைத் தேடி எடுத்துக்கொள்கிறான். அதற்குப் பிறகு எல்லாரும் மறதி வெளிக்குப் போய் ஆற்று நீரைக் குடிக்கிறார்கள். தேர்ந்தெடுத்ததே மறந்துபோகிறது.

பெங்களூர்ப் பையன் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்ததும் மறுபடி வாயாடத் தொடங்கிவிட்டான். கருவாட்டுக் கூடைக்காரனிடம் மடித்து வைக்கத் தாளே கிடையாது. இருவரையும் ஒரே வரியில் நிறுத்துவது நியாயம்தானா? நிறுத்தாமலும் இருக்க முடியவில்லை.

ஆட்டத்தைப் பிறகு வெளியிட்டவர்களுக்கும் இந்தக் கழித்தல் உறுத்தியிருக்கிறது போலும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த முதல் விதிகளில் கழித்தல் இல்லை, உச்சவரம்பு இருந்தது. குள்ளர் இனத்துப் போர்வீரன் ஆறாம் படியோடு நிற்க வேண்டும். ஹாபிட் நாலாம் படியோடு. மனிதனுக்குத் தடையே இல்லை. 4ஆம் பதிப்பிலேயே அரை ஓர்க்கின் கழித்தல் போனது. 2024இல் இனத்துக்கும் இந்த எண்களுக்கும் இருந்த தொடர்பையே அறுத்துவிட்டார்கள். இப்போது கூடுதல் புள்ளிகள் வருவது வளர்ந்த விதத்திலிருந்து, செய்த தொழிலிலிருந்து. கழித்தல் கிடையாது, கூட்டல் மட்டும். நல்ல காரியம் என்றுதான் நினைத்தேன்.

பிறகு அந்தப் புள்ளிகளின் பட்டியலைப் பார்த்தேன். ஏட்டறிஞராக வளர்ந்தவர் அறிவில் புள்ளி சேர்த்துக்கொள்ளலாம். உழவராக வளர்ந்தவருக்கு உடல்வலு, உடலுறுதி, விவேகம். விவேகம் கொடுத்தார்களே என்று சந்தோஷப்படலாம். ஆனால் மழை, விதை, வட்டி, வாய்க்கால் முறை என்று நாலு கணக்கை ஒரே நேரத்தில் மனசுக்குள் போட்ட என் தாத்தாவுக்கு அந்தப் பட்டியலில் அறிவு கிடையாது. அண்ணன் மகளிடம் சொன்னேன். "எல்லாருக்கும் எல்லாம் குடுத்துட்டா அப்புறம் எதுக்கு சித்தப்பா தேர்ந்தெடுக்கணும்?" என்றாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. விளையாட்டுப் புத்தகத்தின் மேல் இவ்வளவு கோபம் எதற்கு என்று எனக்கே புரியவில்லை. கோபம் சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்பதும் தெரியவில்லை.